பிப்பரசிலின்–டாசோபாக்டம் ஊசி மருந்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி? செவிலியர்களுக்கும் நோயாளியின் உடனிருப்போருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கடும் நிமோனியாவுடன் சேர்க்கப்படுபவர், குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் கோத்தவர், சிறுநீர்த் தொற்று இரத்தத்தில் பரவி நடுக்கத்துடன் வருபவர், சர்க்கரை நோயால் கால் புண் அழுகியவர் எனப் பலருக்கும் மருத்துவமனையில் முதல் நாளே ஏற்றப்படும் ஆன்டிபயாட்டிக் பிப்பரசிலின்–டாசோபாக்டம். வார்டில் இதைச் சுருக்கமாகப் 'பிப்டாஸ்' என்பார்கள். 4.5 கிராம் என்று எழுதப்பட்ட குப்பியில் 4 கிராம் பிப்பரசிலினும் அரை கிராம் டாசோபாக்டமும் வெண்ணிறப் பொடியாக இருக்கும். 2.25 கிராம் குப்பியும் உண்டு. அதிலும் இரண்டு மருந்துகளின் விகிதம் எட்டுக்கு ஒன்றுதான்.

இந்த மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் அளவை முடிவு செய்வதும் மருத்துவரின் பொறுப்பு. மருத்துவரின் சீட்டின்றி இதை விற்கவோ வாங்கவோ கூடாது. ஆனால் சீட்டு எழுதப்பட்ட பின்னர், மருந்து நோயாளியின் இரத்தத்தில் சரியான அளவில், சரியான நேரத்தில் சேர்வதும், ஆபத்தின் முதல் அறிகுறி கண்ணில் படுவதும், தேவை முடிந்த அன்றே மருந்து நிற்பதும் பெரும்பாலும் படுக்கையருகே இருப்பவர்களின் கையில்தான் உள்ளன. அங்கே நேரும் தவறுகள் யாரும் அறியாமலேயே நிகழ்ந்து, கடைசியில் 'மருந்து வேலை செய்யவில்லை' என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. அவற்றைத் தவிர்க்கும் வழிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு மருந்துகள் ஏன் ஒரே குப்பியில்?

பிப்பரசிலின், பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுத்து அதைக் கொல்லும். இதற்கு எதிராகப் பல பாக்டீரியாக்கள் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து, பெனிசிலின் மூலக்கூறின் வளையத்தை உடைத்து அதைச் செயலிழக்கச் செய்கின்றன. டாசோபாக்டம் அந்த நொதியுடன் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடுவதால் பிப்பரசிலின் தன் வேலையைச் செய்ய முடிகிறது. டாசோபாக்டத்துக்குத் தனியாகப் பாக்டீரியாவைக் கொல்லும் திறன் பெரிதாக இல்லை.

ஆனால் எல்லா நொதிகளையும் அதனால் முடக்க முடியாது. கார்பபெனிமேஸ் வகை நொதிகளுக்கு முன் அது பயனற்றது. இ.எஸ்.பி.எல். எனப்படும் விரிவடைந்த வகை நொதிகளைச் சுரக்கும் பாக்டீரியாக்களிடம் அதன் பலன் நம்பத்தக்கதாக இல்லை. 2018-இல் வெளியான மெரினோ ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படாத ஈ.கோலை, கிளெப்சியெல்லா கிருமிகள் இரத்தத்தில் பரவிய நோயாளிகளில், பிப்பரசிலின்–டாசோபாக்டம் பெற்றவர்களில் 12.3 சதவீதத்தினரும் மெரோபெனெம் என்ற வேறோர் ஆன்டிபயாட்டிக் பெற்றவர்களில் 3.7 சதவீதத்தினரும் 30 நாட்களுக்குள் இறந்தனர். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்ட கிருமிகள் ஆய்வகச் சோதனையில் பிப்பரசிலின்–டாசோபாக்டத்துக்குக் கட்டுப்படும் என்று காட்டியவை என்பதே இதில் கவனிக்க வேண்டிய செய்தி. இவ்வகைக் கிருமிகள் பரவலாக உள்ள இந்தியாவில், கல்ச்சர் (நோயாளியின் மாதிரியில் கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) முடிவைப் பாராமல் இந்த மருந்தை நாட்கணக்கில் ஓட்டுவது ஆபத்தானது.

எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை

உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று பிரிவுகளாக வகுத்துள்ளது. அதில் இம்மருந்து, எதிர்ப்புத் திறன் வளரும் அபாயம் கூடுதலாக இருப்பதால் கண்காணிப்புடன் பயன்படுத்த வேண்டிய இரண்டாம் பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. மருத்துவமனையில் தொற்றிய நிமோனியா, வயிற்றுக்குள் ஏற்படும் சிக்கலான தொற்று, சிறுநீரகம் வரை ஏறிய கடும் தொற்று, தோலிலும் தசையிலும் ஆழமாகப் பரவிய தொற்று, புற்றுநோய்ச் சிகிச்சையில் வெள்ளணுக்கள் குறைந்து வரும் காய்ச்சல் ஆகியவையே இதற்குரிய இடங்கள். சூடோமோனாஸ் கிருமியை எதிர்க்கும் திறன் இதன் தனிச் சிறப்பு.

டெங்கு, சாதாரண வைரஸ் காய்ச்சல், சளி, தொண்டை வலி, எளிய சிறுநீர்க் கடுப்பு ஆகியவற்றுக்கு இதைப் போடுவதில் நன்மை எதுவும் இல்லை. எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும், மெதிசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை இது தொடாது. மூளைக்காய்ச்சலுக்கும் இது ஏற்ற மருந்தன்று. காற்றில்லாச் சூழலில் வளரும் கிருமிகளை இது தானே கொல்லும் என்பதால், வழக்கத்தின் பேரில் கூடவே மெட்ரோனிடசோல் பாட்டிலையும் மாட்டுவது பெரும்பாலும் தேவையற்றது. அமீபா சீழ்க்கட்டி போன்ற தனிக் காரணம் இருந்தால் மட்டுமே அந்தச் சேர்க்கைக்குப் பொருள் உண்டு. இந்தப் பழக்கம் நம் வார்டுகளில் ஆழமாக ஊறிப்போயிருப்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் டோசுக்கு முன்: ஒவ்வாமை விசாரணை

இந்த மருந்தில் உயிருக்கு உடனடி ஆபத்து வரக்கூடிய இடம் இதுதான். 'அலர்ஜி உண்டா?' என்று ஒரே சொல்லில் கேட்டால் பெரும்பாலோர் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். பெனிசிலின், அமாக்சிசிலின், ஆம்பிசிலின், செஃபலோஸ்போரின் என எந்த மருந்தைச் சாப்பிட்டாவது, எந்த ஊசியைப் போட்டாவது உடலில் தடிப்பு, உதடு அல்லது கண் வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் வந்ததுண்டா என்று கேட்க வேண்டும். வந்திருந்தால், மருந்து உடலில் சேர்ந்து எத்தனை நேரத்தில் வந்தது, எவ்வளவு ஆண்டுகளுக்கு முன், அதற்காக மருத்துவமனையில் சேர நேர்ந்ததா, அதன் பிறகு அதே மருந்தை எடுத்துக்கொண்டதுண்டா என்பதையும் கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். பேச முடியாத நோயாளியாக இருந்தால் வீட்டாரிடம் கேட்க வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் எடுத்துப் பார்க்க வேண்டும்.

விடையை எடைபோடுவதிலும் நிதானம் தேவை. மருந்து ஏறிய சில நிமிடங்களில் மூச்சுத் திணறியவருக்கு இம்மருந்தைத் தரக்கூடாது. தோல் உரிந்து, வாயும் கண்ணும் புண்ணான கடும் எதிர்விளைவு முன்பு வந்தவருக்கும் தரக்கூடாது. மாறாக, அமாக்சிசிலின் சாப்பிட்டதும் வாந்தியோ பேதியோ வந்ததை மட்டும் 'பெனிசிலின் அலர்ஜி' என்று சொல்பவர்களும் ஏராளம். அது ஒவ்வாமை அன்று. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளதாகச் சொல்பவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள் என்பது பல நாடுகளில் உறுதியான செய்தி. ஆகவே கேட்டதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள்; முடிவை அவர் எடுக்கட்டும்.

அடுத்து டெஸ்ட் டோஸ். கரைத்த மருந்தில் ஒரு துளியை முன்கையின் தோலுக்குள் செலுத்தி, சிறிது நேரம் கழித்துச் சிவந்திருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் பல இடங்களில் இன்றும் உண்டு. முறையான ஒவ்வாமைத் தோல் சோதனைக்குக் குறிப்பிட்ட அடர்த்தியும், ஒப்பிடுவதற்கான கட்டுப்பாட்டு ஊசிகளும், பயிற்சி பெற்ற கண்ணும் வேண்டும். அவை எதுவும் இல்லாமல் போடும் டெஸ்ட் டோஸ் 'நெகட்டிவ்' என்று வந்தாலும் அனபிலாக்சிஸ் எனப்படும் உயிராபத்தான திடீர் ஒவ்வாமை வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அடர்த்தியான மருந்தின் எரிச்சலால் மட்டுமே தோல் சிவக்கவும் கூடும். மருத்துவமனையின் விதிப்படி டெஸ்ட் டோஸ் போட வேண்டியிருந்தால் போடலாம். ஆனால் அதைப் போட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் முதல் டோசின்போது நோயாளியை விட்டு நகர்ந்துவிடக் கூடாது.

கல்ச்சர் எடுத்த பிறகே மருந்து

முதல் டோஸ் உள்ளே போய்விட்டால், கிருமி யார் என்பதைக் கண்டறியும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். பெரியவர்களுக்கு இரண்டு வெவ்வேறு இடங்களில் இரத்தம் எடுத்து, ஒவ்வொரு பாட்டிலிலும் 8 முதல் 10 மி.லி. வரை நிரப்புவது நல்லது. இரண்டு மூன்று மி.லி. மட்டும் விட்டால் கிருமி பிடிபடாமல் போகும். தொற்றின் இடத்தைப் பொறுத்துச் சிறுநீர், சளி, சீழ் ஆகியவற்றையும் அனுப்ப வேண்டும். சீழாக இருந்தால் பஞ்சில் ஒற்றி எடுப்பதைவிடச் சிரிஞ்சில் உறிஞ்சி அனுப்புவது மேல். ஆனால் இரத்த அழுத்தம் சரிந்து செப்டிக் ஷாக்கில் இருப்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும். மாதிரி எடுக்கத் தாமதமாகிறது என்பதற்காக அத்தகையவருக்கு மருந்தை நிறுத்தி வைக்கக்கூடாது.

அளவும் சிறுநீரகமும்

சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் பெரியவருக்கு வழக்கமான அளவு 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 4.5 கிராம். மருத்துவமனையில் தொற்றிய நிமோனியா, வெள்ளணு குறைந்த காய்ச்சல் போன்றவற்றில் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 4.5 கிராம். இம்மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், அங்கே பழுது இருந்தால் மருந்து உடலில் தேங்கிக் குழப்பம், தசைத் துடிப்பு, வலிப்பு வரை கொண்டுபோகலாம்.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப் பொருளான கிரியேட்டினின் இரத்தத்தில் எவ்வளவு என்ற எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவது பெரும் தவறு. சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் கணக்கிட, 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும்; பெண்ணாக இருந்தால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். 68 வயதுப் பாட்டி ஒருவர், எடை 50 கிலோ, கிரியேட்டினின் 1.6 என்று வைத்துக்கொள்வோம். 140-இல் 68 போக 72. அதை 50-ஆல் பெருக்கி, 72 பெருக்கல் 1.6-ஆல் வகுத்தால் 31 சொச்சம், 0.85-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 27 மி.லி. 'கிரியேட்டினின் லேசாகத்தான் கூடியிருக்கிறது' என்று எல்லோரும் கடந்துபோகும் அந்த 1.6, இந்தப் பாட்டியின் உடலில் சிறுநீரக வடிகட்டும் திறன் மிகவும் குறைந்துவிட்டதைக் காட்டுகிறது.

ஐரோப்பிய மருந்துக் குறிப்பின்படி, இந்த எண் 40-க்கு மேல் இருந்தால் அளவை மாற்ற வேண்டியதில்லை. 20-க்கும் 40-க்கும் இடையில் இருந்தால் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 4.5 கிராமுக்கு மேல் போகக்கூடாது. 20-க்குக் கீழே இருந்தால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 4.5 கிராம். அமெரிக்க அட்டவணை 2.25 கிராம் அளவை அடிப்படையாகக் கொண்டு வேறுவிதமாக அமைந்திருக்கிறது. உங்கள் மருத்துவமனை எதைப் பின்பற்றுகிறதோ அதைத் தொடர்ந்து பின்பற்றுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு டயாலிசிஸ் மருந்தில் ஒரு பகுதியை வெளியே எடுத்துவிடும் என்பதால், அன்றைய டோசின் நேரத்தை மருத்துவரிடம் கேட்டு அமைக்க வேண்டும். சிறுநீரகம் எப்படி இருந்தாலும் கடும் தொற்றில் முதல் டோசைக் குறைப்பதில்லை. குறைப்பது அடுத்தடுத்த டோஸ்களைத்தான்.

குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்ற அளவு. சில நூல்களும் மருத்துவமனைகளும் பிப்பரசிலினை மட்டும் கணக்கிட்டு எழுதுகின்றன. வேறு சில இரண்டையும் கூட்டி எழுதுகின்றன. 100 மி.கி. பிப்பரசிலின் என்பது மொத்தக் கணக்கில் 112.5 மி.கி. ஆகும். சீட்டில் எழுதியிருப்பது எந்தக் கணக்கு என்று கேட்டுத் தெளிந்த பிறகே சிரிஞ்சை எடுக்க வேண்டும்.

கரைப்பதும் கலப்பதும்

கையைக் கழுவி, சுத்தமான தட்டில் பொருட்களை வைத்துக்கொள்ளுங்கள். குப்பியின் பெயர், அளவு, காலாவதி நாள், மூடியின் சீல், பொடியின் நிறம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரே உற்பத்தியாளரின் பல ஆன்டிபயாட்டிக்குகள் ஒரே அளவுக் குப்பியில், ஏறத்தாழ ஒரே நிற லேபிளுடன் வருவதால், பெயரை வாய்விட்டுப் படித்துக் கேஸ் ஷீட்டுடன் ஒப்பிடும் பழக்கம் பல விபத்துகளைத் தவிர்க்கும்.

பிளாஸ்டிக் மூடியை எடுத்தவுடன் தெரியும் ரப்பர், கிருமி நீக்கப்பட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அதை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்து, தானாக உலர விட வேண்டும். 4.5 கிராம் குப்பிக்கு 20 மி.லி. ஊசிக்கான நீரையோ நார்மல் சலைனையோ செலுத்தி, குப்பியைச் சுழற்றிக் கரைக்க வேண்டும். முழுதும் கரையச் சில நிமிடங்கள், சில சமயம் பத்து நிமிடம் வரைகூட ஆகலாம். அவசரப்பட்டு வேகமாகக் குலுக்கினால் நுரைதான் கிளம்பும். அடியில் கட்டி தங்கியிருக்க மேலுள்ள திரவத்தை மட்டும் உறிஞ்சினால் நோயாளிக்குப் போய்ச் சேர்வது முழு டோஸ் அன்று. கரைந்த திரவம் நிறமற்றோ இளமஞ்சளாகவோ தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலோ துகளோ தெரிந்தால் ஒதுக்கிவிட வேண்டும். பொடியும் இடத்தைப் பிடிப்பதால் குப்பியில் இப்போது 20 மி.லி.க்கும் அதிகமாக, ஏறக்குறைய 23 மி.லி. திரவம் இருக்கும். பெரியவருக்கு அத்தனையையும் எடுத்துவிடுவதால் சிக்கல் இல்லை. குழந்தைக்கு ஒரு பகுதியை மட்டும் எடுக்கும்போது இந்தக் கூடுதல் அளவைக் கணக்கில் சேர்க்காவிட்டால் டோஸ் குறைந்துவிடும்.

பின்னர் அதை 50 முதல் 150 மி.லி. வரை, நடைமுறையில் 100 மி.லி. நார்மல் சலைனில் அல்லது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் சேர்க்க வேண்டும். எல்லா நிறுவனங்களின் தயாரிப்பும் ரிங்கர் லாக்டேட்டுடன் ஒத்துப்போவதில்லை. பெட்டியில் உள்ள குறிப்பு அதைத் தெளிவாக அனுமதித்தாலன்றி அதில் கலக்க வேண்டாம். சோடியம் பைகார்பனேட், இரத்தம், அல்புமின் ஆகியவற்றுடன் ஒருபோதும் சேர்க்கக்கூடாது. பாட்டிலில் மருந்தின் பெயர், அளவு, கலந்த நேரம், கலந்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். கலந்ததை உடனே ஏற்றுவதே முறை. அறை வெப்பநிலையில் 24 மணி நேரம் என்று நூல்களில் இருப்பது 20 முதல் 25 டிகிரி அறைகளுக்கானது, ஏ.சி. இல்லாத வார்டில், சித்திரை வெயிலில் அதே கணக்கு செல்லாது. காலையிலேயே மூன்று வேளைக்கும் கலந்து வைக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

இதயம் பலவீனமானவர்கள் குறித்து ஒரு கணக்கு. ஒவ்வொரு 4.5 கிராம் குப்பியிலும் 200 மி.கி.க்கு மேல் சோடியம் இருக்கிறது. அதை 100 மி.லி. நார்மல் சலைனில் கலந்தால் சலைனிலிருந்து மட்டும் இன்னொரு 354 மி.கி. சேரும். நாளுக்கு நான்கு வேளை என்றால், ஒரு நாளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 2 கிராம் சோடியம் வரம்பை இந்த மருந்தும் அதைக் கலக்கும் சலைனுமே தாண்டிவிடுகின்றன. வீட்டார் உப்பில்லாக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்க, கால் வீக்கம் மட்டும் வடியாமல் இருப்பதற்கு இதுவும் காரணமாகலாம். இத்தகையவருக்கு டெக்ஸ்ட்ரோஸில் கலக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

ஏற்றும் முறை

கேனுலா (இரத்தக்குழாயில் செருகிய மெல்லிய குழாய்) இருக்கும் இடத்தை முதலில் பாருங்கள். சிவப்பு, வீக்கம், வலி, இரத்தக்குழாய் கயிறுபோல் தடித்திருத்தல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அந்த வழியில் ஏற்றக்கூடாது. வேறு கையில் புதிதாகப் போட வேண்டும். சரியாக இருந்தால் நார்மல் சலைனைச் செலுத்திக் குழாயை அலசி, அதாவது ஃபிளஷ் செய்து, பிறகு மருந்தை 30 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். ஒரு மி.லி.க்கு 20 துளி விழும் சாதாரண ஐ.வி. செட்டில் 100 மி.லி.யை 30 நிமிடத்தில் ஏற்ற, நிமிடத்துக்கு ஏறக்குறைய 67 துளிகள் விழ வேண்டும்.

கடும் நோயாளிகளுக்கு ஒவ்வொரு டோசையும் 4 மணி நேரம் நீட்டி ஏற்றுமாறு மருத்துவர் சொல்லலாம். இந்த மருந்தின் திறன், இரத்தத்தில் அது எவ்வளவு உச்சத்தைத் தொடுகிறது என்பதைவிட, கிருமியை அடக்கும் அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. உடலில் அதன் அளவு ஒரு மணி நேரத்துக்கு அருகிலேயே பாதியாகக் குறைந்துவிடும். 100 மி.லி.யை 4 மணி நேரத்தில் ஏற்ற மணிக்கு 25 மி.லி. தேவை. சாதாரண செட்டில் அது நிமிடத்துக்கு எட்டுத் துளி என்பதால் துல்லியமாக ஓடாது. நோயாளி கையை மடக்கினாலே நின்றுவிடும். இன்ஃபியூஷன் பம்ப் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மி.லி.க்கு 60 துளி விழும் மைக்ரோ செட்டில் நிமிடத்துக்கு 25 துளி என்று வைத்து அடிக்கடி பார்க்க வேண்டும்.

பாட்டில் காலியானதும் செட்டைக் கழற்றிவிடுவது மிகப் பரவலான தவறு. செட்டின் குழாய்க்குள் ஏறக்குறைய 15 முதல் 20 மி.லி. மருந்து நின்றிருக்கும். 100 மி.லி.யில் அது ஆறில் ஒரு பங்கு. அதைக் கழற்றி எறிந்தால் ஒவ்வொரு வேளையும் நோயாளிக்கு அவ்வளவு மருந்து குறைகிறது. பாட்டில் முடிந்ததும் அதே செட் வழியாகச் சிறிதளவு சலைனை ஓடவிட்டுக் குழாயில் இருப்பதை உள்ளே அனுப்பிய பிறகே கழற்ற வேண்டும். கையில் பணம் கட்டி வாங்கிய மருந்தில் ஒரு பகுதி குப்பைக்குப் போவதும், குறைந்த அளவில் கிருமி பழகிக்கொள்வதும் இரண்டும் இதனால் தவிரும்.

நேர இடைவெளியும் அப்படித்தான். 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என்று சமமாக இருக்க வேண்டும். காலை 8, பகல் 2, இரவு 8 என்று பணிமுறைக்கு வசதியாக அமைத்துவிட்டால் இரவில் 12 மணி நேரம் நோயாளி மருந்தின்றிக் கிடப்பார். ஸ்கேனுக்கு அழைத்துப் போனதாலோ டயாலிசிஸாலோ ஒரு டோஸ் தவறினால், அதை எழுதி, உடனே மருத்துவரிடம் சொல்லி அடுத்த நேரங்களை மாற்றி அமைக்க வேண்டும். இரண்டு டோஸை ஒன்றாகப் போடக்கூடாது.

அமிகாசின், ஜென்டாமைசின் போன்ற வேறு ஆன்டிபயாட்டிக்குகளை இதனுடன் ஒரே பாட்டிலிலோ சிரிஞ்சிலோ கலந்தால் அவை செயலிழந்துவிடும். வான்கோமைசினும் ஒரே குழாயில் சேர்ந்தால் திரிந்து படியக்கூடும். தனித்தனி நேரத்தில், நடுவே சலைன் ஃபிளஷ் செய்து கொடுக்க வேண்டும்.

முதல் நிமிடங்கள்

முதல் டோஸ் தொடங்கும்போது நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, முதலில் மெதுவாக ஓடவிட்டு அருகில் இருக்க வேண்டும். உடனிருப்பவரிடம் என்ன கவனிக்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள்: உள்ளங்கை, தலை அரிப்பு, உடலில் தடிப்பு, உதடு வீக்கம், தொண்டை அடைப்பு, இருமல், இழுப்பு, திடீர் வாந்தி, 'ஏதோ செய்கிறது' என்ற பதற்றம். இவற்றில் எது தோன்றினாலும் செவிலியரைக் கூப்பிடத் தயங்கக்கூடாது.

அனபிலாக்சிஸ் என்று சந்தேகம் வந்தால் மருந்தை உடனே நிறுத்தி, செட்டை மாற்றி, உதவிக்கு ஆள் அழைத்து, அட்ரீனலின் போட வேண்டும். பெரியவருக்கு அரை மில்லிகிராம், அதாவது ஆயிரத்துக்கு ஒன்று அடர்த்தியுள்ளதில் அரை மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மி.கி. பலன் இல்லையென்றால் 5 நிமிடத்தில் மீண்டும். பல வார்டுகளில் கை முதலில் தேடிப்போவது ஏவிலையும் ஹைட்ரோகார்ட்டிசோனையும்தான். அவை அரிப்பைத் தணிக்கும். மூடிக்கொண்டிருக்கும் தொண்டையைத் திறக்காது, சரிந்த இரத்த அழுத்தத்தை நிமிர்த்தாது. அட்ரீனலினுக்குப் பிறகே அவற்றுக்கு இடம். நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தி, ஆக்சிஜனும் சலைனும் தொடர வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வைக்கலாம், ஆனால் திடீரென எழுந்து நிற்க விடக்கூடாது. இந்த மருந்து ஏறும் படுக்கைக்கு எட்டும் தூரத்தில் அட்ரீனலின் ஆம்பியூலும் சிரிஞ்சும் இருக்கிறதா என்பதை, மருந்தைக் கரைக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

அடுத்தடுத்த நாட்களில்

கிரியேட்டினின், பொட்டாசியம், இரத்த அணுக்கள் ஆகியவற்றை அவ்வப்போது பார்க்க வேண்டும். பொட்டாசியம் குறைவது இம்மருந்தில் தெரிந்த ஒன்று. சிறுநீரைப் பெருக்கும் டையூரெட்டிக் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் குறையும். பத்து நாளுக்கு மேல் நீண்டால் வெள்ளணுக்கள் குறையலாம். அடங்கிய காய்ச்சல், மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்தால், அது மருந்தாலேயே வரும் காய்ச்சலாகவும் இருக்கலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வான்கோமைசினுடன் சேர்த்துத் தரும்போது கிரியேட்டினின் ஏறுவது அடிக்கடி காணப்படுகிறது. அது உண்மையான சிறுநீரகச் சேதமா, கிரியேட்டினின் வெளியேறும் முறையில் ஏற்படும் மாற்றமா என்பதில் விவாதம் இருந்தாலும், சிறுநீரின் அளவையும் இரத்தப் பரிசோதனையையும் அன்றாடம் பார்ப்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

மெத்தோட்ரெக்சேட் எடுத்துக்கொள்பவர்களுக்கு அம்மருந்து உடலில் தேங்கக்கூடும். ஹெப்பாரின், வார்ஃபாரின் எடுப்பவர்களுக்கு இரத்தம் உறையும் நேரத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர் என்றால், வெக்யூரோனியம் போன்ற தசைத் தளர்த்திகளின் விளைவு நீளலாம் என்பதால் மயக்க மருந்து நிபுணருக்குத் தெரிய வேண்டும். தோலில் சிவந்த தடிப்புடன் காய்ச்சலோ, வாய்ப்புண்ணோ, கண் எரிச்சலோ சேர்ந்து வந்தால் அடுத்த டோசை நிறுத்தி வைத்து மருத்துவரை அழைக்க வேண்டும்.

நிறுத்தும் நாளைத் தொடங்கும்போதே கேட்பது

இந்த மருந்தின் பாதுகாப்பில் மிகவும் புறக்கணிக்கப்படும் பகுதி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. கல்ச்சர் முடிவு பொதுவாக 48 முதல் 72 மணி நேரத்தில் கைக்கு வரும். அன்று மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: தொற்று என்பது உறுதியா? கிருமிக்கு இதைவிடக் குறுகிய வீச்சுள்ள மருந்து போதுமா? வாய்வழி மாத்திரைக்கு மாற முடியுமா? பிப்பரசிலின்–டாசோபாக்டத்துக்கு மாத்திரை வடிவம் இல்லை. ஆனால் கிருமி எளிய மாத்திரைக்குக் கட்டுப்படுவதாக இருந்து, நோயாளி சாப்பிடும் நிலையில் இருந்தால், ஊசியைத் தொடர்வதால் கேனுலா தொற்றும் செலவும்தான் மிச்சம்.

வயிற்றுத் தொற்றில் சீழை முறையாக வெளியேற்றிவிட்டால், ஏறக்குறைய நான்கு நாள் ஆன்டிபயாட்டிக் போதும் என்று 2015-இல் வெளியான ஸ்டாப்-இட் ஆய்வு காட்டியது. எட்டு நாள் கொடுத்தவர்களுக்கு அதைவிட நல்ல பலன் கிடைக்கவில்லை. மருத்துவமனை நிமோனியாவுக்கு 2016 அமெரிக்க வழிகாட்டுதல் ஏழு நாள் என்கிறது. சீழ் வெளியேறாத கட்டி, இதய வால்வுத் தொற்று, எலும்புத் தொற்று போன்றவற்றுக்கு நாட்கள் கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தக் காரணம் கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் தொடங்கிய தேதிக்குப் பக்கத்திலேயே, எத்தனையாம் நாள் என்ற எண்ணையும் மறுபரிசீலனைத் தேதியையும் எழுதுவது ஒரு நிமிட வேலை. உடனிருப்பவர்களும் 'டாக்டர், கல்ச்சர் ரிப்போர்ட் வந்துவிட்டதா? இந்த ஊசி இன்னும் எத்தனை நாள்?' என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

வேறு கலவை ஊசிகள் குறித்து

மேலே சொன்ன வழிமுறையின் சட்டகம் மற்ற கலவைகளுக்கும் பொருந்தும், விவரங்கள் பொருந்தா. 1.2 கிராம் அமாக்சிசிலின்–கிளாவுலனிக் அமில ஊசியைக் கலந்த 20 நிமிடத்துக்குள் பயன்படுத்த வேண்டும். டெக்ஸ்ட்ரோஸில் அது விரைவில் சிதைந்துவிடும். செஃபோபெரசோன்–சல்பாக்டம் வைட்டமின் கே குறைபாட்டால் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். மது அருந்தினால் கடும் எதிர்விளைவும் வரும். செஃப்ட்ரையாக்சோன் உள்ள எதையும் கால்சியம் கலந்த திரவங்களுடன் ஒரே குழாயில் சேர்க்கக்கூடாது என்பதால் ரிங்கர் லாக்டேட் அங்கே விலக்கு. பச்சிளங்குழந்தைகளில் இது உயிரைப் பறித்திருக்கிறது. ஒரு மருந்துக்குப் பழகிய கையோடு அடுத்த மருந்தைக் கலக்காமல், ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள குறிப்பைப் பிரித்துப் படியுங்கள்.

கழிவும், வீடு திரும்பிய பிறகும்

2016-ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசிமுனை வெள்ளை நிறத் துளைபடாப் பெட்டிக்கும், குழாயும் சிரிஞ்சும் சிவப்புக்கும், காலிக் கண்ணாடிக் குப்பி நீலத்துக்கும், மீந்த அல்லது காலாவதியான ஆன்டிபயாட்டிக் மஞ்சளுக்கும் போக வேண்டும். மீந்த மருந்தைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றுவது, கழிவுநீரில் உள்ள கிருமிகளுக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுப்பதாகும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயரும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை கொடுக்கப்பட்டது என்பதும், கல்ச்சரில் வந்த கிருமியும், ஏதேனும் எதிர்விளைவு வந்திருந்தால் அதன் விவரமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒவ்வாமை வந்தவர், மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பையிலும், படமெடுத்து வீட்டார் கைபேசியிலும் வைத்திருக்க வேண்டும். மருந்து நின்று இரண்டு மாதம் வரைகூட, குடலில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகிப் பேதி வரலாம். ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் நீராகப் போவது, இரத்தம், காய்ச்சல், வயிறு உப்புசம் ஆகியவை வந்தால் கடையில் பேதியை நிறுத்தும் லோபராமைடு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு அடக்கக்கூடாது. மருத்துவரிடம் போய், இன்ன ஆன்டிபயாட்டிக் இத்தனை நாள் ஏற்றப்பட்டது என்று சொல்லி, மலப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.